சிங்கப்பூர் விழுந்த ஞாயிறு: செட்டிநாட்டு முகப்பில் ஒரு நாள் ரேடியோ

1942 பிப்ரவரி 15. ஞாயிற்றுக்கிழமை. மாசி பிறந்து சில நாள்தான், சிவராத்திரி அப்போதுதான் முடிந்திருந்தது, அமாவாசையை ஒட்டிய நாள். அன்று சாயங்காலம் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் சரணடைந்தது. போர் வரலாறு எழுதுகிறவர்கள், புக்கிட் திமா ஃபோர்டு கார் தொழிற்சாலையில் பிரிட்டிஷ் தளபதி பெர்சிவலும் ஜப்பானியத் தளபதி யமாஷிட்டாவும் மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கும் படத்தைப் போட்டு அந்தத் தேதியை முடித்துவிடுவார்கள். நான் அதே தேதியைக் காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்து வீடுகளின் முகப்பில் இருந்த ரேடியோப் பெட்டி வழியாகப் பார்க்கப் போகிறேன். காலையில் பெட்டியைத் திருப்பியது முதல் நடுச்சாமம் தாண்டி அணைத்தது வரை, செய்தியும் பாட்டுமாக அந்த நாள் எப்படி நகர்ந்தது என்பதுதான் விஷயம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த மாதங்களில் செட்டிநாட்டுக்காரர்களுக்கு ரேடியோ மேல் இரண்டு மனத்தாங்கல். பினாங்கு, ஈப்போ, சிங்கப்பூர், ரங்கூன் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்வதில்லை என்பது ஒன்று. பாட்டு வைத்தால் தமிழ்ப் பாட்டு போதவில்லை என்பது இன்னொன்று. முதலாவதைப் போர்க்கால வரலாற்றில் எழுதுகிறார்கள், இரண்டாவதைத் தமிழிசை இயக்க வரலாற்றில் எழுதுகிறார்கள், இரண்டும் ஏதோ வேறு வேறு ஊரில் நடந்த மாதிரி. ஆனால் ஒரே பெட்டி, ஒரே முகப்பு, அநேகமாக ஒரே ஆட்கள். அந்த இரண்டு குறைகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் அந்த நாள் பிடிபடுகிறது.

யாருக்கு என்ன பங்கு

1930-இல் பர்மா வங்கித் தொழில் விசாரணைக் குழு போட்ட கணக்குப்படி, நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) போட்டிருந்த முதல் பர்மாவில் மட்டும் சுமார் 75 கோடி ரூபாய். அந்தக் காலத்து ரூபாய், நினைவில் வையுங்கள். அப்புறம் உலகப் பொருளாதார மந்தம் வந்து நெல் விலை விழுந்தது, கடன் வாங்கியவர்கள் கட்ட முடியாமல் நிலத்தை எழுதிக் கொடுத்தார்கள், 1930-களின் கடைசியில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால் பங்கு நிலம் இவர்கள் கைக்கு வந்து சேர்ந்திருந்தது. பணமாக இருந்தது மண்ணாக மாறியது, அதாவது எடுத்துக்கொண்டு ஓட முடியாததாக மாறியது. மலாயாவில் வட்டிக்கடையோடு ரப்பர்த் தோட்டங்களும் சேர்ந்துகொண்டன. ரங்கூனில் முகல் தெரு, பினாங்கில் பினாங்கு ஸ்ட்ரீட், சிங்கப்பூரில் மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கிகள். கிட்டங்கி என்பது பல வட்டிக்கடைகள் ஒன்றாக இருந்த கட்டடம், அதில் ஆளுக்கு ஒரு பெட்டியடி, அதாவது பணப்பெட்டி வைத்த இடம், தரையில் உட்கார்ந்துதான் கணக்கு.

கடையை நடத்தும் மேலாள் மூன்று வருஷத்துக்குச் சம்பளச்சீட்டு எழுதிக்கொண்டு கப்பல் ஏறுவார். முதலாளி ஊரில் இருப்பார். இடையில் கடிதம், அவசரம் என்றால் தந்தி, ஐந்தொகை என்ற கணக்கு அறிக்கை. நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பலுக்குக் காத்திருந்த கதை இல்லாத வீடு இந்தப் பக்கம் குறைவு. இந்த ஏற்பாடு முழுவதும் தபாலை நம்பி நடந்தது. 1941 டிசம்பரில் போர் கிழக்கே வந்ததும் தபால் தடுமாறியது, தந்தி தணிக்கைக்குப் போனது, கப்பல் நின்றது. மிஞ்சியது ரேடியோ. அதுவரை சாயங்காலம் கச்சேரி கேட்க வைத்திருந்த பெட்டி, ஒரே மாதத்தில் பெட்டியடிச் சாமான்களில் ஒன்றாகிவிட்டது.

பெட்டியும் நிலையமும்

ரேடியோ வைத்திருக்க வருஷத்துக்குப் பத்து ரூபாய் கட்டி உரிமம் எடுக்க வேண்டும். 1947-இல் கூட நாடு முழுவதும் சேர்த்து உரிமங்கள் இரண்டே முக்கால் லட்சம்தான் என்றால் 1942-இல் அது எவ்வளவு அபூர்வம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். செட்டிநாட்டில் பெரிய வீடுகளில் இருந்தது. மாடியில் இரண்டு கம்பத்துக்கு நடுவே ஏரியல் கம்பி, மண்ணுக்குள் ஒரு எர்த் கம்பி. மின்சாரம் இல்லாத இடத்தில் கார் பேட்டரி. திருப்பியவுடன் பாடாது, வால்வு சூடாக வேண்டும், சில பெட்டிகளில் பச்சைக் கண் ஒன்று இருக்கும், நிலையம் சரியாகப் பிடித்தால் அது குறுகிச் சேரும். பெட்டி ஒரு வீட்டில்தான் இருக்கும், கேட்பது தெருவே கேட்கும். ஆண்கள் முகப்பிலும் திண்ணையிலும், பெண்கள் வளவுக் (உள்முற்றத்துக்) கதவோரம். கதவோரத்தில் நின்ற ஆச்சிமாருக்குத்தான் விஷயம் நேரடியானது, அக்கரையில் இருந்தது அவர்கள் மகனும் மருமகனும்.

திருச்சி நிலையம் 1939 மே 16 அன்று தொடங்கியது. நாலு மாதம் ஆவதற்குள் உலகப் போர். செப்டம்பர் 3 அன்று வைசிராய் லின்லித்கோ யாரையும் கேட்காமல் இந்தியாவும் போரில் இருக்கிறது என்று அறிவித்தார். அதாவது திருச்சி ரேடியோவுக்குச் சமாதான காலத்து அனுபவம் அநேகமாகக் கிடையாது. நம் பக்கத்து ஆட்கள் ரேடியோ கேட்கப் பழகியது முழுக்கப் போர்க்கால ரேடியோவில்தான். இதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை, எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இன்னொன்று, அப்போது ஒலிப்பதிவு நாடா கிடையாது. இசைத்தட்டு உண்டு, மற்றபடி பாடுகிறவர் திருச்சி நிலையத்துக்கு வந்து, மைக் முன்னால் உட்கார்ந்து, அந்த நேரத்துக்குப் பாடியாக வேண்டும். செய்தி அப்படியில்லை. போர் தொடங்கியதும் செய்திப் பொறுப்பு முழுவதும் தில்லிக்குப் போய்விட்டது. தமிழ்ச் செய்தியையும் தில்லியில்தான் வாசிப்பார்கள், அது சிற்றலையில் வரும், திருச்சியும் சென்னையும் அதைப் பிடித்து மறுபடி விடும். விளைவு என்ன தெரியுமா, பாட்டு சுத்தமாகக் கேட்கும், செய்தி ஏறி இறங்கி, கூவிக்கொண்டு, சில சமயம் பாதிப் பெயரை விழுங்கிக்கொண்டு கேட்கும். எது பக்கத்திலிருந்து வருகிறது, எது தொலைவிலிருந்து வருகிறது என்பதைக் காது தானாகவே பிரித்துவிடும். "ஈப்..." என்று பாதியில் விழுந்தால் அது ஈப்போவா வேறு ஊரா என்று முகப்பில் ஒரு தகராறே நடக்கும்.

ஊர்ப் பெயர்களை வைத்துக் கணக்கு

பிப்ரவரி 15-க்கு வருமுன் டிசம்பரைப் பார்க்காமல் முடியாது, ஏனென்றால் அந்த ஞாயிற்றுக்கிழமை யாரும் எதையும் நம்பாமல் கேட்டதற்குக் காரணம் பினாங்கு.

1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். 10-ஆம் தேதி பிரிட்டனின் இரண்டு பெரிய போர்க்கப்பல்கள், பிரின்ஸ் ஆஃப் வேல்ஸும் ரிப்பல்ஸும், கடலில் மூழ்கடிக்கப்பட்டன. 11-ஆம் தேதி பினாங்கு ஜார்ஜ் டவுனில் குண்டு விழுந்தது. 16, 17 தேதிகளில் பிரிட்டிஷார் பினாங்கைக் கைவிட்டுக் கிளம்பினார்கள். எப்படி என்றால், வெள்ளைக்காரர்களை மட்டும் இரவோடு இரவாகப் படகில் ஏற்றிக்கொண்டு. சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாரும் அங்கேயே. அப்புறம் சிங்கப்பூர் ரேடியோவில், அங்கிருந்த பிரிட்டிஷ் அமைச்சர் டஃப் கூப்பர் பேசினார், பினாங்கு மக்களில் பெரும்பாலோர் வெளியேற்றப்பட்டுவிட்டார்கள் என்ற பொருளில். அவர் "மக்கள்" என்று எண்ணியது யாரை என்பது கேட்ட ஆசியர்கள் அத்தனை பேருக்கும் புரிந்துபோனது. மலாயாவில் அந்தப் பேச்சு மூட்டிய கோபத்தை வெள்ளைக்காரர்களே பிற்பாடு எழுதியிருக்கிறார்கள். தெப்பக்குளத்தங்கரையில் உட்கார்ந்து பேசியவர்களுக்கு மட்டும் வேறுவிதமாகவா இருந்திருக்கும்? வீட்டு ஆள் பினாங்கு ஸ்ட்ரீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறான், ரேடியோ அவன் பத்திரமாகப் போய்விட்டான் என்கிறது.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. பினாங்கை விட்டுப் போன அவசரத்தில் அங்கிருந்த ரேடியோ நிலையத்தை உடைக்காமல் விட்டுவிட்டார்கள். 19-ஆம் தேதி உள்ளே வந்த ஜப்பானியர் அதையே எடுத்து, பினாங்கிலிருந்து பேசுகிறோம், எங்கள் குண்டு எப்படி இருக்கிறது என்று சிங்கப்பூரைக் கிண்டல் செய்து ஒலிபரப்பினார்கள்.

அதன்பிறகு செய்தியில் ஒரு வாய்பாடு வந்துவிட்டது. நமது படைகள் முன்பே தயார் செய்து வைத்த இடத்துக்கு ஒழுங்காகப் பின்வாங்கின, எதிரிக்குப் பலத்த சேதம். இதே சொற்கள், ஊர்ப் பெயர் மட்டும் மாறும். ஆனால் அந்த ஊர்ப் பெயர்தான் செட்டிநாட்டுக்கு வேண்டியது. அலோர் ஸ்டார், சுங்கை பட்டாணி, தைப்பிங், ஈப்போ, கம்பார். தில்லியில் வாசிக்கிறவருக்கு இவை உச்சரிக்கக் கஷ்டமான பெயர்கள், இங்கே கேட்கிறவருக்கு ஒவ்வொன்றும் இன்னார் கடை, இன்னார் தோட்டம், இத்தனை வரவேண்டியது. மலாயா ரயில்பாதையில் போய்வந்த ஒருவருக்கு வரைபடம் எதற்கு? வடக்கே இருந்து தெற்கே ஒவ்வொரு ஸ்டேஷனாக இறங்கிக்கொண்டே வருகிறது. ஜனவரி 11 அன்று கோலாலம்பூர் போனது. 31 அன்று மலாயாவையும் சிங்கப்பூர்த் தீவையும் இணைத்த ஜோகூர் பாலத்தை வெடி வைத்துத் தகர்த்துவிட்டு மிச்சப் படை தீவுக்குள் போனது. பிப்ரவரி 8 இரவு ஜப்பானியர் தீவிலேயே இறங்கிவிட்டார்கள்.

"நேத்து பத்து பஹாட் சொன்னான், இன்னைக்கி ஒண்ணும் சொல்லலையே" என்று கேட்டால், "அப்பச்சி, சொல்லலைன்னா போயிருச்சுன்னு அர்த்தம்" என்று பதில் வரும், இந்த மாதிரிப் பேச்சுகளை எங்கள் ஐயா காலத்து ஆட்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒரு பெயர் செய்தியிலிருந்து காணாமல் போவதுதான் உண்மையான செய்தி. பேரேட்டில் வரவே இல்லாத பக்கத்தைப் பார்த்துக் கணக்குப்பிள்ளை கண்டுபிடிக்கிற மாதிரிக் கேட்டார்கள்.

அந்த ஞாயிறு, காலை முதல்

ரேடியோ அப்போது நாள் முழுக்க ஓடாது. காலையில் கொஞ்சம், மதியம் கொஞ்சம், சாயங்காலம் நீளமாக. இடையில் வெறும் இரைச்சல். திறக்கும்போது வரும் அந்த அடையாள இசை, சிவரஞ்சனிச் சாயலில் வயலினும் தம்புராவுமாக இன்றைக்கும் நமக்குத் தெரிந்ததே. அதை அமைத்தவராகச் சொல்லப்படுகிறவர் வால்டர் காஃப்மன், செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து வந்த யூதர், ஹிட்லர் தலையெடுத்த நேரத்தில், 1934-இல் பம்பாய் வந்து சேர்ந்தவர். போர்ச் செய்திக்குக் காத்திருந்த ஒவ்வொரு காலையையும், அந்தப் போரை மூட்டிய ஹிட்லரின் காலத்தில் ஊரை விட்டு வந்த ஒரு மனிதரின் மெட்டுதான் தொடங்கிவைத்திருக்கிறது. முகப்பில் இருந்த யாருக்கும் இது தெரிந்திருக்க நியாயமில்லை.

அந்த வாரத்து இந்தியச் செய்திகளில் ஒரு பெரிய விருந்தாளி இருந்தார். சீனத் தலைவர் சியாங் கை ஷேக் அந்த மாதத் தொடக்கத்திலிருந்தே இந்தியாவில் இருந்தார், நேருவைப் பார்ப்பது, காந்தியைப் பார்ப்பது என்று செய்திக்குத் தீனி நிறைய. தீவில் சண்டை நடக்கிறது, எதிர்ப்பு தொடர்கிறது என்பதற்கு மேல் சிங்கப்பூர் பற்றிச் சொல்ல அரசிடம் ஒன்றும் இல்லை, இருந்தாலும் சொல்லப்போவதில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு நிலையம் என்ன செய்யும்? பாட்டு வைக்கும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். போர்க்காலத்தில் ரேடியோவின் பாட்டை இளைப்பாறுதல் என்று ஒரு வரியில் தள்ளிவிடுவார்கள். அந்த நேரத்தில் எந்த நாட்டு ரேடியோவுக்கும் பாட்டு ஒரு தூண்டில். அடுத்த செய்தி வரை ஆளை உட்கார வைப்பது அதுதான், செய்தி வெறும் ஐந்து பத்து நிமிஷம். எழுந்து போய்விட்டால் பக்கத்து அலையில் டோக்கியோவோ பெர்லினோ பிடித்துக்கொள்ளும். ஜப்பானியர் கப்பற்படை வெற்றி அறிவிக்கும் முன் ஒரு அணிவகுப்பு இசையை வைப்பார்கள், அந்த இசை கேட்டாலே எங்கோ கப்பல் மூழ்கியிருக்கிறது என்று அர்த்தம். லண்டன் ஐரோப்பாவுக்கு அனுப்பிய ஒலிபரப்பில் மூன்று சின்ன அடி, ஒரு நீள அடி என்று முரசு வரும், மோர்ஸ் முறையில் அது வெற்றியைக் குறிக்கும் வி எழுத்து. அதுவே பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியின் தொடக்கமும் கூட, ஜெர்மன்காரர் போட்ட மெட்டை எடுத்து ஜெர்மனிக்கே அடித்தார்கள்.

சரி, திருச்சி என்ன வைத்தது? கர்நாடக இசை, நாகஸ்வரம், வீணை, இசைத்தட்டுகள். இதிலும் செட்டிநாட்டுக்குப் பங்கு உண்டு. கச்சேரி இன்று எந்த வரிசையில் நடக்கிறதோ அந்த வரிசைக்கு உருக்கொடுத்த ராமானுஜ ஐயங்கார் காரைக்குடிக்குப் பக்கத்து அரியக்குடிக்காரர். வீணை என்றால் காரைக்குடி சகோதரர்கள், மூத்தவர் சுப்பராம ஐயர் அதற்குள் போய்விட்டார், இளையவர் சாம்பசிவ ஐயர் இருந்தார். பாடகர்கள் இந்த மண்ணுக்காரர்கள், பந்தல் போட்டுக் கச்சேரி வைத்துச் சன்மானம் கொடுத்தவர்கள் இந்த மண்ணுக்காரர்கள், ஆனால் பாடப்பட்ட கீர்த்தனைகளில் பெரும்பகுதி தெலுங்கும் சமஸ்கிருதமும்.

1941 ஆகஸ்டில் சிதம்பரம் அண்ணாமலை நகரில் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முன்னின்று தமிழிசை மாநாடு கூட்டினார். சபாக்களும் வானொலி நிலையங்களும் தமிழ்ப் பாடல்களுக்கு முதன்மை தர வேண்டும் என்பதுதான் கோரிக்கையின் சாரம். அந்த வருஷமே தேவகோட்டையிலும் மாநாடு நடந்தது. சென்னை மியூசிக் அகாடமி பக்கத்திலிருந்து எதிர்ப்பு வந்தது, எழுத்தாளர் கல்கி தமிழிசைப் பக்கம் நின்று வரிந்து கட்டி எழுதினார், பத்திரிகைகளில் பெரிய போர். கவனியுங்கள், 1941 கடைசி, 1942 தொடக்கம். பினாங்கும் ஈப்போவும் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்த அதே மாதங்களில்தான் தமிழில் பாடு என்ற சண்டையும். ஒரு பக்கம் சொத்து போகிறது, இவர்கள் பாட்டுக்குச் சண்டை போட்டார்களே என்று ஒருவர் என்னிடம் நக்கலாகக் கேட்டார். எனக்கு அது நக்கலடிக்கிற விஷயமாகப் படவில்லை. ரேடியோ அரசாங்கத்தின் வாய். அதனிடம் பினாங்கு நிலவரத்தைக் கேட்டால் பதில் வராது, கேட்டவர் மேல் இந்தியப் பாதுகாப்பு விதி பாய்ந்தாலும் பாயும். பாட்டைப் பற்றிக் கேட்கலாம், மாநாடு போடலாம், தீர்மானம் நிறைவேற்றலாம், கேட்டால் நடக்கவும் கூடும். செய்தியில் வாய் திறக்க முடியாதவர்கள் பாட்டில் திறந்தார்கள் என்பது என் ஊகம், வலுவான ஊகம்.

இடையில் ஆர்மோனியக் கதை ஒன்று. 1940 மார்ச் முதல் அகில இந்திய வானொலியில் ஆர்மோனியம் வாசிக்கத் தடை. நம் இசையின் கமகத்துக்கு, அதாவது ஸ்வரத்தை அசைத்து இழைப்பதற்கு, அது ஒத்துவராது என்பது காரணம். ஊரில் நாடகக் கொட்டகையிலும் பஜனை மடத்திலும் ஆர்மோனியம் இல்லாமல் ஒரு இரவு நகராது, ரேடியோவில் மட்டும் அதற்கு இடமில்லை. உலகமே பற்றி எரிகிறபோது நிலையத்தில் இதற்கு நேரம் இருந்திருக்கிறது பாருங்கள். அந்தத் தடை 1971 வரை நீடித்தது.

விளக்கு வைத்த நேரம் முதல் நடுச்சாமம் வரை

சிங்கப்பூரில் சண்டை நிறுத்தம் அமலுக்கு வந்தது அவ்வூர்க் கடிகாரப்படி இரவு எட்டரை மணி. சூரியனை வைத்துச் சொன்னால் காரைக்குடிப் பக்கம் விளக்கு வைக்கிற நேரம். ஆச்சிமார் வளவில் விளக்கேற்றும்போது மார்க்கெட் ஸ்ட்ரீட் வேறு ஆட்சிக்குப் போயாகிவிட்டது. டாங்க் ரோட்டில் தண்டாயுதபாணி கோயில், 1859-இல் நகரத்தார் கட்டியது, அதுவும் அந்த ஆட்சிக்குள். ஆனால் நம்முடைய சாயங்கால ஒலிபரப்பு அப்போதுதான் சூடு பிடிக்கும். லண்டன் தன் வாயால் சொல்லும் வரை தில்லி முந்திக்கொள்ள வழியில்லை. ஆக, அன்று சாயங்காலம் இங்கே யார் பாடியிருந்தாலும், என்ன ராகம் விரிந்திருந்தாலும், அது முடிந்துபோன ஒரு ஊருக்காகக் காத்திருந்தவர்கள் முன்னால் நடந்த கச்சேரி.

தெரிந்துகொள்ள வழியே இல்லையா என்றால், இருந்தது. இரவு ஏற ஏறச் சிற்றலை நன்றாகப் பிடிக்கும். டோக்கியோ அன்றிரவே வெற்றியை அறிவித்துவிட்டது. எதிரி நிலையத்தைக் கேட்பது வீட்டுக்குள் நடக்கும் காரியம், கேட்டதை வெளியே போய்ப் பரப்பினால்தான் வம்பு. அதனால் தெருப் பக்கத்துச் சன்னலைச் சாத்திவிட்டு, ஒலியைக் குறைத்து வைத்துக் கேட்பார்கள். ஆனால் டோக்கியோவையும் முழுக்க நம்ப முடியாது, அவர்கள் பிடிக்காத ஊரையும் பிடித்தோம் என்பார்கள். லண்டன் நடந்ததை மறைக்கும், டோக்கியோ நடக்காததையும் சேர்த்துச் சொல்லும், இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ உண்மை. லண்டனிலிருந்து தமிழ் ஒலிபரப்பு 1941 மே 3 முதலே இருந்தது, அது வாரத்துக்கு ஒரு கடிதம் மாதிரி, அன்றாடத்துக்கு உதவாது.

லண்டனில் ஞாயிறு இரவு என்றால் இங்கே நடுச்சாமம் தாண்டிவிடும். அப்போதுதான் சர்ச்சில் ரேடியோவில் பேசினார். பெரிய தோல்வி ஒன்றின் நிழலில் பேசுகிறேன் என்று கடைசியில்தான் சொன்னார், அதற்கு முன்பு ரஷ்யா எப்படித் தாக்குப்பிடிக்கிறது, அமெரிக்கா போரில் இறங்கியது எவ்வளவு பெரிய விஷயம் என்று நீளமாக ஒரு சுற்று. சிங்கப்பூர் வீழ்ந்தது, மலாய் தீபகற்பம் முழுவதும் போய்விட்டது என்ற வரி பேச்சின் முடிவை ஒட்டித்தான் வருகிறது. மேடைப் பேச்சாக எடுத்தால் அருமையான பேச்சு. வட்டிக்கடை வைத்திருந்தவன் காதில் வேறு மாதிரித்தான் விழும், அவனுக்கு வேண்டியது அந்த ஒரு வரி, அதற்கு முன்னால் வந்ததெல்லாம் வசூலுக்குப் போன இடத்தில் கடன்காரர் கொடுக்கிற காபி பலகாரம். தூங்காமல் இருந்த வீடுகளில் இங்கிலீஷ் தெரிந்த ஒருவர் கேட்டு மற்றவர்களுக்குச் சொல்லியிருப்பார். தூங்கிவிட்ட வீடுகளுக்குத் திங்கள் காலை, சிவரஞ்சனிச் சாயலுக்குப் பிறகு. மெட்ராஸ் பத்திரிகை ரயிலில் வந்து சேர அதற்கும் மேலாகும்.

அடுத்து வந்தவை

பிப்ரவரி 17 அன்று சிங்கப்பூர் ஃபாரர் பார்க் மைதானத்தில் நாற்பதாயிரம் பேர் அளவுக்கு இந்தியச் சிப்பாய்களை நிறுத்தி ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள், இந்திய தேசிய ராணுவம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஊருக்குச் சியோனான் என்று பெயர் மாறியது. ஒரு வருஷமாகக் காணாமல் போயிருந்த சுபாஷ் சந்திர போஸ் அந்த மாதமே பெர்லினிலிருந்து தன் சொந்தப் பெயரில் பேசினார், சிங்கப்பூர் விழுந்ததையே பேச்சுக்குத் தொடக்கமாக வைத்து. அவருடைய ஆசாத் ஹிந்த் ரேடியோ பேசிய மொழிகளில் தமிழும் ஒன்று.

மார்ச் 8 அன்று ரங்கூன். அங்கிருந்து இந்தியர்கள் நடந்தே அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் லட்சக்கணக்கில் வந்ததையும், வழியில் காலராவிலும் பசியிலும் மாண்டதையும், நடந்து வந்தவர் வீட்டு வாசலில் வந்து நின்றபோதுதான் பல வீடுகள் அறிந்தன. ஏப்ரல் 5 கொழும்பில் குண்டு, 6 அன்று விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும். உடனே சென்னை காலியானது. பட்டணத்தில் இருந்த நகரத்தார் குடும்பங்கள் ஊருக்குத் திரும்பின, ஆளில்லாமல் பூட்டிக் கிடந்த பெரிய வீடுகளில் இரண்டாங்கட்டு வரை சனம். ரேடியோ கேட்கவும் கூட்டம் கூடியது.

ஆகஸ்டில் வெள்ளையனே வெளியேறு போராட்டம் வெடித்து, சண்டை உள்ளூருக்கே வந்துவிட்டது. தேவகோட்டையில் நீதிமன்றம் எரிந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது, திருவாடானைச் சிறையை உடைத்துக் காங்கிரஸ் பேச்சாளர் சின்ன அண்ணாமலையை மக்கள் வெளியே கொண்டுவந்தார்கள். இதற்கும் தில்லிச் செய்தியில் மலாயாவுக்குக் கிடைத்த மரியாதைதான் கிடைத்திருக்கும், ஆனால் இதை அறிய யாருக்கும் ரேடியோ தேவைப்படவில்லை. பம்பாயில் உஷா மேத்தாவும் கூட்டாளிகளும் ரகசியமாக நடத்திய காங்கிரஸ் ரேடியோ ஆகஸ்ட் 27 முதல் நவம்பர் 12 வரை தாக்குப்பிடித்தது.

அப்புறம் மூன்று வருஷம் அக்கரையிலிருந்து கடிதமே கிடையாது. மேலாள் இருக்கிறாரா, கடை இருக்கிறதா, ஒன்றும் தெரியாது. சிங்கப்பூரிலிருந்தும் ரங்கூனிலிருந்தும் இங்கே வந்த ஒரே குரல் போஸுடைய ரேடியோதான். 1944 ஜூலை 6 அன்று காந்தியைத் தேசத் தந்தை என்று அழைத்து அவர் பேசியது ரங்கூனிலிருந்து. அரசியல் காரணத்துக்காகக் கேட்டவர்கள் உண்டு. ரங்கூன் என்ற சொல்லைக் கேட்பதற்காகவே கேட்டவர்களும் இருந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

பாட்டுக் கணக்கு வேறு விதமாகப் போனது. 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் அமைந்தது, அண்ணாமலைச் செட்டியார்தான் அதற்கும் முதுகெலும்பு. போர் நெருக்கடியில் சென்னையில் மின்சாரத்துக்குத் திண்டாட்டம் என்று ஏ.வி. மெய்யப்பன் தன் ஸ்டூடியோவைக் காரைக்குடி தேவகோட்டை ரோட்டுக்குக் கொண்டுவந்தார், இசைத்தட்டு வியாபாரத்தில் தொடங்கியவர்தானே அவரும்.

1945 ஆகஸ்ட் 15 நண்பகலில் ஜப்பான் சக்கரவர்த்தியின் குரலை அவர் நாட்டு மக்கள் முதல் முறையாக ரேடியோவில் கேட்டார்கள். முன்னும் பின்னும் தேசிய கீதம், நடுவில் சரணடைவு என்ற சொல்லே இல்லாத ஒரு சரணடைவு அறிக்கை. தபால் திறந்தது. வந்த முதல் கடிதங்களில் இருந்த விஷயத்தை எந்த நிலையமும் சொன்னதில்லை. ஜப்பானியர் அச்சடித்த வாழைமர நோட்டைக் கொண்டுவந்து, போருக்கு முந்தைய கடனைப் பலர் அடைத்துவிட்டுப் போயிருந்தார்கள். வாங்க மாட்டேன் என்று சொன்னால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை, வாங்கிய நோட்டு போர் முடிந்ததும் வெறும் காகிதம். அப்படி அடைத்ததில் எவ்வளவு செல்லும், எவ்வளவு செல்லாது என்று வருஷ மாத வாரியாக விகிதம் போட்டு மலாயா அரசு சட்டம் கொண்டுவந்தது 1948-இல். அதே 1948-இல் பர்மா நில தேசியமயச் சட்டத்தைக் கொண்டுவந்தது.